கோச்சி பார்க்கப் போன கதை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இம்மேடையில் எமக்கு முன்னர் பேசியவர்கள் திருமுறையைப் பற்றியும் சமய சேவையைப் பற்றியும் அழகாகப் பேசினார்கள். நாங்களோ புகையிரதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். தலைப்பைக் கேட்டதும் செயலாளர் அவர்கள் சற்றே தயங்கினார். "கோச்சியில என்ன கிடக்கு மனே பேசுறதுக்கு?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. சவளக்கடையில் எந்த மூலையில் நின்று காது கொடுத்தாலும் புகையிரதத்தின் ஊதல் கேளாது. எமது ஊர்ச் சிறுவர் பலர் கோச்சியைப் படத்திலே பார்த்திருக்கிறார்கள், நேரிலே பார்த்ததில்லை. பேச வேண்டியதற்கு அதுவே போதிய காரணம் என்று நாங்கள் சொன்னோம். அவரும் பெருந்தன்மையுடன் இருபது நிமிடம் ஒதுக்கித் தந்தார்.

2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பல்கலைக்கழக விடுமுறையின்போது நாங்கள் சிநேகிதர் நால்வர் ஒரு வாடகை வானில் இரண்டு நாட் பிரயாணம் புறப்பட்டோம். புகையிரதத்தில் ஏறிச் செல்வதற்கன்று. அதைப் பார்ப்பதற்கும் படம் பிடிப்பதற்கும். எம்மில் இருவர் இச்சங்கத்து அங்கத்தினர். ஒருவர் மருதமுனைச் சிநேகிதர். மற்றவர் வானை ஓட்டிய அண்ணன். அவர் முதலில் எமது நோக்கத்தை நம்பவில்லை. "கோச்சி பார்க்கவா? பார்த்துப் போட்டு?" என்று கல்முனை தாண்டும் வரையில் மூன்று முறை கேட்டார். இரண்டாம் நாள் மாலையில், "அடுத்தது எத்தனை மணிக்குத் தம்பி?" என்று எங்களை அவரே கேட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இப்படி ஒரு பொழுதுபோக்கு உலகில் உண்டா என்று சிலர் எண்ணக்கூடும். உண்டு. இங்கிலாந்தில் 1942 இல், புகையிரதக் கம்பனி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்த்த இயன் அலன் என்னும் இளைஞர், அக்கம்பனியின் எஞ்சின்களின் இலக்கங்களையெல்லாம் தொகுத்து ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். அதன்பின் ஆயிரக்கணக்கான சிறுவர்கள் பென்சிலும் கொப்பியுமாக நிலைய மேடைகளில் நின்று எஞ்சின் இலக்கம் குறிக்கத் தொடங்கினார்கள். யப்பானிலே கமராவும் முக்காலியுமாகத் தண்டவாள ஓரங்களில் நாள் முழுவதும் காத்திருக்கும் கூட்டம் மிகப் பெரிது. எமது நாட்டிலும், முதலாவது வண்டி ஓடி 150 ஆண்டு நிறைந்த 2014 ஆம் ஆண்டில், கடுகண்ணாவையில் புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. எனவே இது எங்கள் நால்வருக்கு மாத்திரம் பிடித்த பைத்தியம் அன்று.

எங்களுக்கு மிஷன் பாடசாலையில் பூகோளம் படிப்பித்த ஆசிரியர் ஒருவர், இலங்கைப் படத்தை வரைந்து இருப்புப் பாதைகளைக் கறுப்பு மையினால் குறிக்கச் செய்வார். 1864 டிசம்பர் 27 இல் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை முதல் வண்டி ஓடியது. 1867 இல் கண்டி. 1905 இல் வடபகுதிப் பாதை முழுமையாயிற்று. 1924 இல் பதுளை. 1927 இல் திருகோணமலை. 1928 இல் மட்டக்களப்பு. அவ்விடத்தில் எங்கள் பேனை நின்றுவிடும். அதற்குக் கீழே களுவாஞ்சிகுடி, கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று நெடுங்கடற்கரை வெறுமையாகக் கிடக்கும். "சேர், இதற்குக் கீழே?" என்று ஒரு மாணவன் கேட்பான். "கடல் இருக்கிறது, மணல் இருக்கிறது, நீ இருக்கிறாய்" என்பார் ஆசிரியர். வகுப்பு முழுவதும் சிரிக்கும். ஆனால் அந்த வெற்றிடம் மனத்தில் தங்கிவிட்டது.

1928 என்பது எவ்வளவு பிந்திய காலம் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். எமது சுவாமி விபுலாநந்தர் காரைதீவில் பிறந்தது 1892 இல். அவர் பிள்ளையாகக் கல்முனையில் படித்த காலத்திலும் மட்டக்களப்பில் படித்த காலத்திலும் இப்பக்கத்தில் தண்டவாளம் என்று ஒன்று கிடையாது. மட்டக்களப்புக்கு முதலாவது கோச்சி வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பத்தாறு. சுவாமியாகித் துறவு பூண்டும் விட்டார்.

அன்று அதிகாலை கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தோம். ஓகஸ்ட் மாதமாதலால் நீர் வற்றியிருந்தது. மாரியில் அத்தாம்போதியின் மேல் வெள்ளம் பாயும்போது நாங்கள் கல்முனைக்குப் போகமுடியாமல் நிற்பதை இச்சபையில் உள்ள எவருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு பாதை துண்டிக்கப்பட்டால் ஓர் ஊர் என்னவாகும் என்பதைப் புத்தகத்தில் படித்து அறிந்தவர்கள் அல்லர் நாங்கள்.

மட்டக்களப்பு நிலையம் அமைதியான நிலையம். பாதையின் கடைசி நிலையமாதலால் அதற்கு அப்பால் செல்லும் அவசரம் எந்த வண்டிக்கும் இல்லை. தண்டவாளம் முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் நிலைய அதிபரிடம் அனுமதி கேட்டோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "முடியிற இடத்தில என்ன கிடக்கு தம்பிமார்?" என்றார். எங்களுக்கு அதுதான் முக்கியம் என்றோம். ஓர் ஊழியரைத் துணைக்கு அனுப்பினார். தடுப்புக் கட்டையும் அதன் பின்னால் புல்லும் இருந்தன. அவ்வளவுதான். மருதமுனைச் சிநேகிதர் அதைத்தான் முதலாவது படமாக எடுத்தார். மண்டபத்தின் பின்சுவரில் முதலாவதாகத் தொங்குவது அது.

இனி, படம் பிடிக்கும் வித்தையைப் பற்றி இரண்டொரு வார்த்தை. இளைஞர்களுக்கு இது பயன்படலாம். ஓடும் வண்டியைப் படமெடுக்க விரும்புபவர் முதலில் சூரியனை விசாரிக்க வேண்டும். எங்கள் பாதையில் ஒரு விசித்திரம் உண்டு. பகல் வண்டியாகிய உதயதேவி காலையில் மட்டக்களப்பிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்படுகிறாள். ஆகவே உதிக்கின்ற சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறாள். கொழும்பிலிருந்து வரும் உதயதேவியோ பின்னேரத்தில் கிழக்கு நோக்கி வருகிறாள். சாய்கின்ற சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வருகிறாள். பெயர் உதயம், முகத்திலோ எப்போதும் நிழல்! நேரே நின்று எடுத்தால் எஞ்சின் கரிக்கட்டியாகத்தான் விழும். இதற்கு வழி என்னவென்றால், மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை வரை பாதை பெரும்பாலும் வடக்கு நோக்கிச் செல்கிறது. காலையில் கடற்பக்கமாக நின்றால் வண்டியின் பக்கம் முழுவதும் இளவெயில் படும். பின்னேரம் மறுபக்கம் மாறிக்கொள்ள வேண்டும். இவ்வளவையும் பார்த்துச் செய்தால், கடன்வாங்கிய பழைய கமராவிலும் வண்டி பொன்போல விழும்.

இன்னொன்று. தண்டவாளத்தின் மேல் நின்று எவரும் படம் எடுக்கலாகாது. கைத்தொலைபேசியில் தன் முகத்தைத் தானே பிடிக்கப் போய் உயிரை விட்டவர்களின் செய்தி பத்திரிகைகளில் வந்துகொண்டேயிருக்கிறது. நீராவி எஞ்சின் காலத்தில் நிலம் அதிரும், புகை தெரியும். இன்றைய வண்டி காற்று எதிர்ப்புறம் வீசினால் மிக அருகில் வரும்வரை சத்தமே காட்டாது. நாங்கள் வேலிக்கு வெளியே, கிட்டத்தட்டப் பத்து மீற்றர் தள்ளி நின்றோம். அப்படி நின்றால் படமும் நன்றாகவே வரும்.

ஏறாவூருக்கும் வாழைச்சேனைக்கும் இடையில் ஒரு சிறு கடவையில் நாங்கள் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். பிரயாணத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் அதுவே. அங்கே ஒரு கடவைக் காப்பாளர் இருந்தார். அறுபது வயதுக்கு மேற்பட்டவர். தகரக் கூரை போட்ட சிறு கொட்டில். ஒரு தண்ணீர்ப் போத்தல். ஒரு சிவப்புக் கொடி, ஒரு பச்சைக் கொடி. நாங்கள் வந்த காரியத்தைக் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை. கொட்டிலுக்குள் போய் ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து வந்தார். அதிலே ஒவ்வொரு நாளும் எந்த வண்டி எத்தனை மணிக்குக் கடந்தது, எவ்வளவு பிந்தி வந்தது என்று நீல மையினால் எழுதி வைத்திருந்தார். எண்ணெய் வண்டி என்று தனியாக ஒரு நிரல். கொலன்னாவையிலிருந்து மட்டக்களப்புக்கு எரிபொருள் கொண்டுவரும் தாங்கி வண்டி அது. எமது மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் பெற்றோல் எந்த வழியால் வருகிறது என்று நாங்கள் அதுவரை எண்ணிப் பார்த்ததேயில்லை.

"இதை எழுதச் சொல்லி ஆராவது சொன்னவையா ஐயா?" என்று கேட்டோம்.

"ஒருத்தரும் சொல்லல்ல தம்பி. பிந்தி வாற கோச்சிக்குத்தான் சனம் அவசரப்பட்டுக் குறுக்கால பாயும். எது பிந்தும் எண்டு தெரிஞ்சா அதுக்கு ஒள்ளுப்பம் முந்தி எழும்பி நிக்கலாம்" என்றார்.

ஆயிரக்கணக்கான இங்கிலாந்துச் சிறுவர்கள் பொழுதுபோக்காகச் செய்ததை அந்தப் பெரியவர் ஓர் உயிர்காக்கும் காரியமாகச் செய்துகொண்டிருந்தார். எங்கள் கொப்பியை அவரிடம் காட்ட எங்களுக்கு வெட்கமாயிருந்தது, ஆயினும் காட்டினோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூன்று இடங்களில் எங்கள் கணக்கையும் தமது கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நாட்டில் இன்னும் எத்தனையோ கடவைகளுக்குப் படலையுமில்லை, மணியுமில்லை. அத்தகைய இடங்களில் சிறு கொடுப்பனவுக்கு நிற்கும் இவரைப் போன்றவர்களைப் பற்றி எவரும் மலர் வெளியிடுவதில்லை. அவருடைய படம் வேண்டாமென்றார். கொடிகளின் படம் எடுக்கச் சம்மதித்தார். அதுவும் சுவரில் இருக்கிறது.

அன்றிரவு ஓட்டமாவடியில், மருதமுனைச் சிநேகிதரின் சாச்சி வீட்டில் தங்கினோம். அன்று வெள்ளிக்கிழமை. எம்மில் இருவர் மரக்கறி என்பது தெரிந்து அந்த அம்மா தனிச் சட்டியில் பருப்பும் கத்தரிக்காயும் சமைத்து வைத்திருந்தார். அவருடைய தகப்பனார், வயோதிபர், ஓட்டமாவடிப் பாலத்தைப் பற்றிச் சொன்னார். புதிய வீதிப் பாலம் கட்டப்படும் வரைக்கும் அங்கே ஒரே இரும்புப் பாலத்தில்தான் கோச்சியும் போகும், பஸ்ஸும் போகும், மாட்டு வண்டியும் போகும். கோச்சி வரும் நேரம் இரு பக்கமும் அடைத்துவிடுவார்கள். "கோச்சி போற வரைக்கும் தமிழனும் சோனகனும் சிங்களவனும் ஒரே வெயிலில நிண்டம்" என்று அவர் சொன்னார். மன்னம்பிட்டியிலும் மகாவலி மேல் அதே மாதிரித்தான் இருந்தது. 2007 இல் யப்பானிய உதவியுடன் தனி வீதிப் பாலம் திறக்கப்பட்ட பிறகே அங்கே வாகனங்கள் பிரிந்து போயின.

இரண்டாம் நாள் வாழைச்சேனையிலிருந்து புணானை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி என்று மேற்கே போனோம். இந்தப் பகுதியில் வீதியும் தண்டவாளமும் பல இடங்களில் அருகருகே ஓடுகின்றன. புணானையைக் கடக்கும்போது வான் ஓட்டிய அண்ணன் புலிக் கதையைத் தொடங்கினார். அது கட்டுக்கதையன்று. அவ்விடத்தில் பன்னிரண்டு பேருக்குக் குறையாமல் கொன்ற சிறுத்தை ஒன்றை 1924 இல் ஒரு வெள்ளைக்காரர் சுட்டார். அது இன்றும் பாடம் செய்யப்பட்டுக் கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. இந்தப் பாதை போடப்பட்ட காடு எப்படிப்பட்டதென்று அதிலிருந்து ஊகிக்கலாம்.

வழியில் ஒரு சிறு நிலையத்தில் நாங்கள் பார்த்த காட்சி ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இப்பகுதியில் இருப்பது ஒற்றைப் பாதை. போகின்ற வண்டிக்கும் வருகின்ற வண்டிக்கும் அதே தண்டவாளம். அப்படியானால் இரண்டும் நேருக்கு நேர் மோதாமல் எப்படி ஓடுகின்றன? அதற்கு 'டெப்லட்' என்று நிலையத்தார் சொல்லும் ஓர் உலோக வில்லை இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் அதற்கென இரண்டு பெட்டிகள். இரண்டும் மின்கம்பியால் தொடுக்கப்பட்டவை. இங்குள்ள நிலைய அதிபர் மணியடித்து அங்குள்ளவரின் சம்மதம் கேட்பார். அவர் சம்மதித்தால்தான் இப்பெட்டியிலிருந்து ஒரு வில்லை வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது மீண்டும் ஏதாவதொரு பெட்டிக்குள் போகும்வரையில் இரண்டு பெட்டிகளும் வேறொன்றைத் தரமாட்டா. அந்த வில்லையைத் தோற்பைக்குள் இட்டு, ஒரு பெரிய வளையத்தில் கட்டிச் சாரதியின் கையில் கொடுப்பார்கள். அது கையில் இல்லாமல் எந்தச் சாரதியும் நிலையத்தை விட்டு வண்டியை எடுக்கமாட்டார். நில்லாமற் போகும் வண்டியானால், ஓடுகின்ற எஞ்சினிலிருந்தே சாரதி பழைய வளையத்தை எறிந்து புதிய வளையத்தைக் கைக்குள் மாட்டிக்கொள்வார். நாங்கள் கண்டது அதைத்தான். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ஒரு செக்கனை ஐந்நூறாகப் பிரித்த ஒரு பங்கு நேரத்தில் எடுத்த படத்திலே வளையம் இரண்டு கைகளுக்கும் நடுவில், ஒருவருக்கும் சொந்தமில்லாமல், ஆகாயத்தில் நிற்கிறது. கணனியுகத்தில் இது பழசு என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட இந்தப் பொறிக்குத் தூக்கமும் இல்லை, மறதியும் இல்லை.

மன்னம்பிட்டிப் பாலத்தடியில் ஒரு பொலிஸ்காரர் எங்களை நிறுத்தினார். புறப்படுமுன் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் சொல்லி அனுப்பியது இதைத்தான்: "பாலத்தடியில கமராவைத் தூக்காதீங்க மக்காள்." அவர்கள் பயம் அவர்கள் வாழ்ந்த காலத்தின் பயம். போர் நடந்த ஆண்டுகளில் இந்தப் பாதையில் வண்டிகள் பலமுறை நின்றன. 1985 ஜனவரியில் முறிகண்டிக்கருகே யாழ்தேவி குண்டுக்கு இலக்கானது. 1990 க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு வண்டி மீண்டும் போய்ச்சேர 2014 ஒக்டோபர் வரை செல்ல வேண்டியதாயிற்று. அக்காலத்தில் ஒரு தமிழ் இளைஞன் பாலத்தைப் படம் பிடித்தால் என்ன நடந்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நாங்கள் பல்கலைக்கழக அடையாள அட்டைகளைக் காட்டினோம். மருதமுனைச் சிநேகிதர் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார். பொலிஸ்காரர் கமராவை வாங்கி வளையப் படத்தைப் பார்த்தார்; நெடுநேரம் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் இருபது நிமிடத்தில் ஒன்று வரும், அந்த மரத்தடியில் நின்றால் நல்லாய்த் தெரியும்" என்றார். அவர் சொன்ன மரத்தடியிலிருந்து எடுத்த படமே எல்லாவற்றிலும் சிறந்தது. இதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று.

எஞ்சின் இலக்கத்தைக் குறித்து என்ன பயன் என்று ஊரில் எங்களைக் கேட்டவர்கள் பலர். ஓர் இலக்கத்தைச் சொல்கிறோம். 591. இலங்கைப் புகையிரதத்தை டீசலுக்கு மாற்றுவதில் முன்னின்றவர் பி. டி. றம்பல என்னும் பொறியியலாளர். கொழும்புத் திட்ட உதவியாகக் கனடாவிலிருந்து 1954 இல் டீசல் எஞ்சின்கள் வந்தபோது, அவற்றுக்கு ஒன்ராறியோ, அல்பேட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயர்களை இட்டார்கள். அந்த இனத்தில் 591 ஆம் எஞ்சினின் பெயர் மனிற்றோபா. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலை, தெற்கே பெரலிய என்னும் கிராமத்தில், கடல் புகுந்து ஒரு புகையிரதத்தை அப்படியே புரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அந்த ஒரு வண்டியில் மாண்டார்கள். உலகப் புகையிரத வரலாற்றில் அதைவிடப் பெரிய விபத்து இல்லை என்பார்கள். அந்த வண்டியை இழுத்தது 591. அதே காலை அதே கடல்தான் பாண்டிருப்பிலும் கல்முனையிலும் காரைதீவிலும் மருதமுனையிலும் புகுந்தது. எங்கள் நால்வரில் இருவர் வீட்டில் அன்று இழந்தவர்கள் உண்டு. அந்த எஞ்சின் பின்னர் திருத்தப்பட்டு மீண்டும் தண்டவாளத்தில் ஓடியது. நினைவு நாளில் பெரலியவுக்கு ஓடிச்சென்று நின்றும் இருக்கிறது. இப்போது சொல்லுங்கள், அது வெறும் இலக்கமா?

கல்லோயாச் சந்தி வரை போவதே எங்கள் திட்டம். பெயரைக் கேட்டதும் இங்குள்ள பெரியோர்களுக்கு எமது கல்லோயா நினைவு வரும். இங்கினியாகலை அணைக்கட்டும் 1949 இல் தொடங்கிய குடியேற்றத் திட்டமும் நினைவு வரும். அதுவல்ல இது. ஹபரணைப் பக்கத்தில், திருகோணமலைப் பாதையும் மட்டக்களப்புப் பாதையும் பிரிகின்ற சந்தி. மின்னேரியா, ஹிங்குராக்கொடை தாண்டிப் போகும் அந்தப் பகுதி யானைக் காடு. ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் மின்னேரியாக் குளத்து நீர் வற்ற, புல்லுக்காக யானைகள் கூட்டங்கூட்டமாக வந்து சேரும். நாங்கள் பொழுதுபட்டபோது வீதியோரம் வானை நிறுத்திப் பார்த்தோம். தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு கூட்டம், குட்டிகளுடன். அவை கடக்கின்ற இடம் புதிதல்ல. தண்டவாளம் வருமுன்பே அவை நடந்த தடம்.

அதற்கு ஆறு மாதத்துக்குப் பின், 2025 பெப்ரவரி 20 ஆம் திகதி விடிவதற்குச் சற்று முன்பாக, மட்டக்களப்பிலிருந்து சென்ற மீனகயா வண்டி அதே கல்லோயாப் பகுதியில் யானைக் கூட்டமொன்றில் மோதியது. ஆறு யானைகள் செத்தன. வண்டி தடம் புரண்டது, பிரயாணிகளுக்கு ஆபத்தில்லை. செய்தியைக் கைத்தொலைபேசியில் பார்த்த வான் ஓட்டும் அண்ணன் எங்களை அழைத்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "தம்பி, நாம பார்த்தது அந்தக் கூட்டமா இருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

சாரதியைக் குறை சொல்வது எளிது. ஆனால் இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சிறிது எண்ணெயில் பெரும் பாரத்தை இழுக்க முடிவது அதனால்தான். நினைத்தவுடன் நிறுத்த முடியாததும் அதனால்தான். பிறேக் போட்ட பிறகும் பாரமான வண்டி பல நூறு மீற்றர் ஓடிவிடும். இருட்டில், வளைவில், விளக்கு வெளிச்சத்தில் யானை தெரிவதற்கும் மோதுவதற்கும் இடையில் அவ்வளவு தூரம் இல்லை. மேட்டின் மேல் போட்ட பாதையானால், குட்டியோடு நிற்கும் யானையால் பக்கவாட்டில் இறங்கவும் முடியாது. யானை கடக்கும் இடங்களில் இரவு வேகத்தைக் குறைப்பதும், மேட்டைச் சரித்து வழிவிடுவதும், முன்கூட்டியே அறியும் கருவிகளை வைப்பதுமே வழி. சில நிமிடம் பிந்தினால் பிரயாணிகள் பொறுக்க வேண்டும்.

இப்படிச் சொல்லும்போது எங்களைப் பட்டணத்து மிருகாபிமானிகள் என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, இரவில் யானை வெடியோடு வயற்காவலுக்குப் போகிற ஊர் எமது ஊர். யானை மிதித்த வயலையும் யானை அடித்த வீட்டையும் எமது பகுதியார் அறிவார்கள். மனிதரை இழந்த குடும்பங்களும் உண்டு. அதனாலேயே பேசுகிறோம். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை தண்டவாளம் போட வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழும், அடங்கும். எங்களுக்கும் அந்த ஆசை உண்டு, மறுப்பதற்கில்லை. கொழும்புக்குப் போகிற நோயாளியும் மாணவனும் இரவு பஸ்ஸில் முழங்காலை மடித்துக்கொண்டு போகிறார்கள். 2023 யூலையில் மன்னம்பிட்டிக்கருகே கிழக்கு நோக்கி வந்த பஸ் ஒன்று பாலத்திலிருந்து ஆற்றில் வீழ்ந்து பலர் இறந்ததை நாம் மறக்கவில்லை. ஆனால் எந்த வழியால் போடுவது? எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே வீட்டோடு வீடு ஒட்டியிருக்கிறது; ஊரை இடிக்காமல் பாதை போகாது. படுவான்கரைப் பக்கமாக எமது வயல்வெளியால் போனால் வீடுகள் தப்பும். வெள்ளமும் யானையும் எதிரே நிற்கும். வெள்ளம் எங்கே பாய்கிறது, யானை எங்கே இறங்குகிறது என்பதைப் படம் வரைபவருக்குச் சொல்லக்கூடியவர்கள் கொழும்பில் இல்லை. இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் விவசாயிகளே. என்றாவது அளவுக்காரர் வந்தால் அவர்களைத் தேடி வரவேண்டும். வராவிட்டால் நாம் போக வேண்டும்.

தண்டவாளம் இங்கே வரும்வரை பிள்ளைகள் காத்திருக்கத் தேவையில்லை. எமது அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளை மட்டக்களப்புக்குப் பஸ்ஸில் கூட்டிச் சென்று, அங்கிருந்து வாழைச்சேனை வரை மூன்றாம் வகுப்பில் கோச்சியில் ஏற்றிக் கொண்டுபோய்த் திரும்பலாம். ஒரு பகற் பொழுது போதும். சங்க நிருவாக சபையிடம் இதற்கான கடிதத்தை இன்று காலை கொடுத்திருக்கிறோம். மருதமுனைச் சிநேகிதர் தமது ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார். ஒரு பெட்டியில் எழுபது எண்பது பிள்ளைகள் தாராளமாகப் பிடிப்பார்கள் என்பது எங்கள் கணக்கு. கடவைக் கொட்டிலைக் கடக்கும்போது அந்தப் பெரியவருக்கு எல்லாரும் கைகாட்ட வேண்டும் என்பது மட்டுமே நாங்கள் விதிக்கும் நிபந்தனை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நாங்கள் டீசல் வண்டியைத்தான் கண்டோம். நிலக்கரி எஞ்சின் இழுத்த வண்டியில் மட்டக்களப்பில் வந்திறங்கி, அங்கிருந்து இவ்வூருக்கு வந்து சேர்ந்த பெரியோர் எவரேனும் இச்சபையில் இருந்தால், எந்த ஆண்டு, யாருடன், எதற்காக வந்தீர்கள், மட்டக்களப்பிலிருந்து இங்கே வர எத்தனை மணித்தியாலம் சென்றது என்பவற்றைச் சொல்லுங்கள். பழைய பிரயாணச் சீட்டோ படமோ பெட்டியில் கிடந்தால் பார்க்கத் தாருங்கள். பிரதி எடுத்துத் திருப்பித் தருவோம். எழுதிக்கொள்ளக் கொப்பியும் பேனையும் வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். தேநீர் முடியும்வரை நாங்கள் நால்வரும் அங்கேதான் நிற்போம்.